எங்கள் அண்டை வீட்டார்

நம் சங்கத்துக் குடும்பங்கள் கூடும் இடங்களிலெல்லாம் ஒரு பேச்சுத் தவறாமல் எழுகின்றது. "பக்கத்து வீட்டில் யாரோ வடக்கிலிருந்து வந்திருக்கிறார்கள். மொழி தெரியவில்லை. அதனால் பழக்கம் இல்லை" என்பதே அது. மொழி தெரியாமையால்தான் பழக்கம் இல்லையா என்பது எங்களுக்கு நெடுநாளாக உள்ள ஐயம். அது எழுந்த வரலாற்றைச் சொல்ல வேண்டுமாயின் மைசூர் மைன்ஸுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

மைசூர் மைன்ஸ் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் மண்ணில் கால் வைத்த பின்னர், ஒன்றன்பின் ஒன்றாகத் தோண்டப்பட்ட தங்கச் சுரங்கங்களுள் மாரிகுப்பத்தை ஒட்டி இருந்தது மைசூர் சுரங்கம். பங்காருப்பேட்டையிலிருந்து வரும் ரயில் பாதை மாரிகுப்பத்தோடு முடிந்துவிடும். அதற்கப்பால் வண்டி போகாது. எங்கள் பாட்டனார் வட ஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து புறப்பட்டு, வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே இறங்குவது என்று வந்தவர். பாதை முடிந்த இடத்தில் இறங்கினார். அவர் காலத்தில் மூங்கில் தட்டி வீடு. தந்தையார் காலத்தில் தகரக் கூரை போட்ட லயின் வீடு. சிவசமுத்திரத்து மின்சாரம் 1902-ஆம் ஆண்டிலேயே சுரங்க இயந்திரங்களுக்கு வந்துவிட்டது. நாங்கள் எழுத்துக் கூட்டிப் படித்ததோ சிம்னி விளக்கில்.

தங்கவயலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு நாட்டார் என்று ஒரு பாகுபாடு வெள்ளையர் காலத்திலிருந்து இருந்து வந்தது. ஆழத்தில் இறங்கிப் பாறையைக் குடைந்தவர்களுள் மிகப் பலர் நம் தமிழர். மேற்பார்வைக்கு ஆங்கிலேயரும், ஆங்கிலோ இந்தியரும், ஒரு காலத்தில் இத்தாலியரும் இருந்தனர். காவலுக்குப் பஞ்சாபிலிருந்து ஆட்கள் கொணரப்பட்டனர். ஊர் மொழி அறியாத காவலன் ஊராரோடு கூட்டுச் சேரமாட்டான் என்பது அந்நாளைய துரைமார்களின் கணக்காய் இருந்திருக்கலாம். கணக்குப் பெரும்பாலும் பலித்தது என்றே சொல்ல வேண்டும்.

காவலரின் வேலை இன்னதென்று சொன்னால்தான் மேலே வருவது விளங்கும். ஷிப்டு முடிந்து கேஜில் ஏறி மேலே வரும் தொழிலாளி, வாயிலைக் கடக்கும் முன் சோதனைக்கு நிற்க வேண்டும். தங்கம் கலந்த கல்லோ தூளோ உடம்பில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தலைத்துணியை அவிழ்க்க வேண்டும். கையைத் தூக்க வேண்டும். வாயைத் திறக்க வேண்டும். எட்டு மணி நேரம் வெந்த பாறைக்கு இடையில் நின்றுவிட்டு வந்த மனிதர் இவ்வளவும் செய்ய வேண்டும். எங்கள் தந்தையார் இதைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவர் வீட்டுக்குள் நுழைந்து முகம் கழுவி முடிக்கும்வரை நாங்கள் யாரும் பேசக்கூடாது என்பது மட்டும் சட்டம்.

1958-ஆம் ஆண்டு எங்கள் லயினின் கடைசி வீடு காலியாயிற்று. அதற்கு முந்திய வீடு எங்களுடையது. ஒரு மாலை இரும்புப் பெட்டிகள் இரண்டும், கயிற்றுக் கட்டில் ஒன்றும் வந்து இறங்கின. பின்னால் தலைப்பாகையும் தாடியுமாக ஒருவர், அவர் மனைவி, மூன்று வயது இருக்கக்கூடிய ஒரு பெண் குழந்தை. தந்தையார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வந்தவரைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று காலையில்தான் அந்தக் கைகள் அவர் இடுப்பைத் தடவிப் பார்த்திருந்தன.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அவர்களோடு பேசக்கூடியவர் தந்தையார் ஒருவரே. ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் பழகிப் பழகி அவருக்கு உருது நன்றாக வாயில் வரும். சர்தாரும் அதைப் புரிந்துகொள்ளக் கூடியவர். ஆக, பேசத் தெரிந்த இருவரும் பேசவில்லை. ஒரு சொல்லும் தெரியாத எங்கள் பாட்டியாரும், அன்னையாரும், அந்த அம்மையாரும் பேசத் தொடங்கினர்.

தொடங்கிய விதம் வேடிக்கையானது. சீக்கியரின் தலைப்பாகைத் துணி ஐந்தாறு கெஜ நீளம் இருக்கும். துவைத்து உலர்ந்த பின், ஒருவர் ஒரு முனையையும் மற்றவர் மறு முனையையும் பிடித்து இழுத்து, நீளவாட்டில் மடிக்க வேண்டும். ஒற்றை ஆளால் நன்றாக மடிக்க முடியாது. கணவர் காவலுக்குப் போயிருந்தார். குழந்தையின் கையில் முனையைக் கொடுத்தால் அது துணியோடு மண்ணில் விழுந்தது. எங்கள் தமக்கையார் வேலிக்கு இப்பால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மையார் ஒன்றும் சொல்லாமல் முனையை வேலிக்கு மேலே நீட்டினார். தமக்கையார் பிடித்துக்கொண்டார். சேலை மடித்துப் பழகிய கைக்கு அது புது வேலையா? மறுநாள் எங்கள் அன்னையார் தம் சேலையின் முனையை அதே வேலிக்கு மேலே நீட்டினார்.

பாட்டியார் அவருக்குச் சர்தாரம்மா என்று பெயர் வைத்தார். அவருடைய மெய்ப்பெயர் எங்களுக்கு மிகப் பின்னரே தெரிந்தது. பெயர் தெரிந்த பிறகும் சர்தாரம்மாவே நிலைத்தது.

ஒரு நாள் அவர் கொல்லையில் களிமண்ணைக் குழைத்துப் பெரிய பானை போல் ஒன்றைக் கட்டலானார். தானியம் கொட்டி வைக்கும் குதிர் என்று பாட்டியார் முடிவு செய்து, அடிப்புறத்தில் துவாரம் சிறிதாய் இருக்கிறதே என்று சைகையால் திருத்தம் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து தாமே சரியும் செய்தார். பத்து நாள் கழித்து அதற்குள் நெருப்பு மூட்டி, உட்சுவரில் ரொட்டியை அறைந்து ஒட்டியபோது பாட்டியார் வாயடைத்துப் போனார். "குதிருக்குத் தீ வைக்கிறாளே!" என்று அவர் கூவியது லயின் முழுவதும் நெடுநாள் வழங்கியது. அந்த ரொட்டியில் முதலாவது எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டுக் கேழ்வரகுக் களி அங்கே போயிற்று.

சர்தாரம்மா எங்கள் தம்பியை "புத்தர், புத்தர்" என்று அழைப்பார். பஞ்சாபியில் அது மகனே என்று பொருள்படும் சொல். பாட்டியார் அதை அறியார். "என் பேரனின் சாந்த குணத்தை அந்நிய தேசத்தாளே கண்டுகொண்டாள், நீங்கள்தாம் அவனை அடிக்கிறீர்கள்" என்று எங்களைக் கடிந்துகொண்டார். விருந்துக்கு அழைத்து இலையில் மேலும் மேலும் வைத்தபோது சர்தாரம்மா கையை விரித்து "பஸ், பஸ்" என்றார். எங்கே புறப்படுகிறார், இந்நேரத்தில் எந்த பஸ் என்று நாங்கள் திகைத்தோம். போதும் என்கிறார் என்று தெரிவிக்கக்கூடியவர் உள்ளறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

வேனிற்காலத்தில் சயனைடு மண்மேடுகளிலிருந்து காற்று வெண்புழுதியை வாரிக் கொண்டுவரும். துவைத்த துணி, மூடாத சோறு, குழந்தையின் கண் எதையும் விடாது. காற்று திரும்பும் நேரம் பார்த்து எந்த வீட்டார் முதலில் கண்டாலும் இரு வீட்டுத் துணியையும் எடுத்து உள்ளே போட்டுவிடுவது என்று ஓர் ஏற்பாடு அமைந்தது. யார் யாரிடம் சொல்லி அமைந்தது என்று எங்களுக்கு இன்றும் தெரியாது.

நிற்க. அவர்கள் வந்த மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் ஓரிரவு. எங்கள் கடைசித் தங்கை பிறந்து பத்தாம் நாள். தந்தையார் இரவு ஷிப்டில் கீழே இருந்தார். நள்ளிரவுக்குப் பின் பூமி ஒரு முறை குலுங்கியது. பரணிலிருந்த பாத்திரங்கள் உருண்டு விழுந்தன. தங்கவயலில் பிறந்தவர்க்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மிக ஆழத்தில், மேலிருந்து அழுத்தும் மலைப்பாரம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். சிறிது நேரம் ஊரே மூச்சு விடவில்லை. பிறகு சங்கு ஊதியது. லயினில் இருந்த பெண்கள் அனைவரும் தலைவிரி கோலமாய் ஷாப்ட்டை நோக்கி ஓடினர். பச்சை உடம்புக்காரியான எங்கள் அன்னையாரால் ஓட முடியவில்லை. பாட்டியாருக்கு முழங்கால் வலி. நாங்கள் சிறுவர்.

சர்தாரம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். அதுவே அவர் கேளாமல் உள்ளே வந்த முதல் தடவை. அன்னையாரின் கையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டியார் முருகனை அழைத்தார். அவர் தம் குருவை அழைத்தார். விடியும்வரை வேறு பேச்சு இல்லை.

கிழக்கு வெளுக்கும் வேளையில் கதவு தட்டப்பட்டது. சர்தார் நின்றார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடந்தது. ஓடி வந்திருக்கிறார். மூச்சு இரைத்தது. அன்னையாரைப் பார்த்து, "நாலு, ஒண்ணு, ஏழு" என்றார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மீண்டும், "நாலு, ஒண்ணு, ஏழு. மேலே. மேலே" என்று சொல்லிக் கையை வானத்தை நோக்கி உயர்த்தினார். அன்னையார் ஓவென்று அழத் தொடங்கினார். வானத்தைக் காட்டுகிறாரே என்று அஞ்சிய அழுகை அது. தமக்கையாருக்குத்தான் முதலில் விளங்கியது. தந்தையாரின் பித்தளை வில்லையில் பொறித்திருந்த எண் 417. மேலே என்றால் கேஜில் ஏறி மேலே வந்துவிட்டார் என்பது. மூன்றாண்டாக வாயிலில் நின்று, எண்களைக் கூப்பிடக் கேட்டுக் கேட்டு, சர்தார் கற்றிருந்த தமிழ் அவ்வளவுதான். எண்களும், மேலே, கீழே என்ற இரண்டு சொற்களும்.

1930-ஆம் ஆண்டில், கைரேகை வைத்துத் தங்களைப் பதிவு செய்யக்கூடாது என்று தங்கவயல் தொழிலாளர் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். எங்கள் பாட்டனாரும் அதில் நின்றவர். மனிதனுக்கு எண் எதற்கு, ரேகை எதற்கு என்று சாகும்வரை கேட்டவர். அவர் மருமகளுக்கு அன்று கணவன் உயிரோடிருக்கும் செய்தி எண்ணாகத்தான் வந்தது. இதை என்னவென்று சொல்வது?

அதற்குள் ஷாப்ட்டிலிருந்து செய்தி கிடைக்காமல் திரும்பிய பெண்கள் எங்கள் வாசலில் கூடிவிட்டனர். ஆளுக்கொரு எண்ணைச் சொல்லிக் கேட்டனர். சிலவற்றுக்குச் சர்தார் "மேலே" என்றார். இருவர் கேட்டபோது தலையைக் கவிழ்ந்துகொண்டார். "கீழே" என்ற சொல்லும் அவருக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. அந்த இருவரும் எங்கள் தந்தையாருடன் ஒரே இடத்தில் வேலை செய்தவர்களின் மனைவியர்.

காவலை விட்டு ஓடி வந்ததற்காக அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டறிய அப்போது எங்களிடம் மொழி இல்லை. மொழி உள்ளவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

எட்டாம் நாள் தந்தையார் மீண்டும் வேலைக்குப் போனார். சோதனை மாறவில்லை. மாறாது. அன்று தாமே கைகளை உயர்த்திக்கொண்டு நின்றதாகவும், சர்தார் தொட்டும் தொடாமலும் விட்டதாகவும், "சரியாகப் பாரும், பின்னால் ஆள் நிற்கிறான்" என்று தாம் சொன்னதாகவும் நெடுங்காலம் கழித்து எங்களிடம் சொன்னார். அன்று மாலை வேலியோரம் போய் நின்று, "கானா காயே?" என்றார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். மூன்றாண்டாய்க் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சர்தார் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லவில்லை. ஆதலால் அழைத்துவந்து உட்கார வைத்தோம்.

அதன் பின்னரே அவர்கள் கதை எங்களுக்குத் தெரிந்தது. அவர்கள் லாயல்பூர் பக்கத்து உழவர்கள். 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் அவ்வூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. கோதுமை வயலையும், எருமைகளையும், வீட்டையும் விட்டு நடந்து வந்தவர்கள். சர்தார் உருதுவில் சொல்லச் சொல்லத் தந்தையார் தமிழில் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாட்டியார் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?" அது கேள்வியாகப் போய்ப் பதிலாக வந்தது. "யாரோ. அவர்களும் இந்தப் பக்கத்திலிருந்து ஓடிப் போனவர்களாய் இருப்பார்கள்."

1965-ஆம் ஆண்டில், எங்கள் சுரங்கத்துக்கு அண்மையிலுள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூடி, வானத்திலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடயத்தைக் கண்டனர். மூன்று நாட்டார் ஒரே குழியில் நின்று வேலை செய்தார்களாமே என்று ஊரில் வியந்தனர். எங்கள் தந்தையாருக்கு அது பெரிதாகப் படவில்லை. "அவர்களில் ஒருவன் மற்றவன் மடியைச் சோதிக்க வேண்டியதில்லையே" என்றார்.

1967-ஆம் ஆண்டு சர்தார் வேலையிலிருந்து நின்று குடும்பத்தோடு பஞ்சாபுக்குத் திரும்பினார். மாரிகுப்பத்தில் வண்டி புறப்பட்டபோது சர்தாரம்மா அழுதார். பாட்டியார் அழவில்லை. வீடு வந்த பிறகு அந்த மண் அடுப்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த ஆண்டு அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முழுவதும் குர்முகி எழுத்து. தந்தையாரின் உருது வாய்மொழியே. ராபர்ட்சன்பேட்டையில் உருது படிக்கத் தெரிந்த கடைக்காரர் இது தம் எழுத்தன்று என்றார். காவலில் இருந்த பஞ்சாபியர் அதற்குள் ஒவ்வொருவராய் ஊர் திரும்பியிருந்தனர். பெங்களூர் போகும்போது யாரிடமேனும் காட்டிப் படிக்கச் சொல்வோம் என்று தந்தையார் அதைத் தகரப் பெட்டியில் வைத்தார். பெங்களூருக்கு எத்தனையோ முறை போனோம். திருமணத்துக்குப் புடவை எடுக்கப் போனோம், ஆஸ்பத்திரிக்குப் போனோம். கடிதம் பெட்டியிலேயே கிடந்தது. இதற்கு மொழியைக் குற்றம் சொல்ல முடியாது.

சுரங்கம் 1956-இல் மைசூர் அரசின் கைக்கும், 1962-இல் மைய அரசின் கைக்கும் மாறியது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் ஒரேயடியாய் மூடப்பட்டது. தந்தையார் அதைக் காண இல்லை. நாங்கள் பெங்களூருக்குக் குடியேறினோம். மூன்று தலைமுறை கன்னட நாட்டில் வாழ்ந்தும் கன்னடம் அறியாத குடும்பம் என்று புதிய தெருவார் எங்களைப் பார்த்த பார்வை நியாயமானதே. கதவைச் சாத்திக்கொண்டவரும் அத்தெருவில் இருந்தார். சேலை முனையை நீட்டியவரும் இருந்தார்.

2004-ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்னையாரை அழைத்துக்கொண்டு அல்சூர் ஏரிக்கரைக் குருத்துவாராவுக்குப் போனோம். பெட்டியை ஒழிக்கும்போது கடிதம் அகப்பட்டிருந்தது. முதியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்து, ஆங்கிலத்தில் பொருள் சொன்னார். எல்லோர் நலமும் கேட்டிருந்தார்கள். குழந்தையைப் பள்ளியில் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தார்கள். கடைசியில் சர்தாரம்மா ஒன்று கேட்டிருந்தார். குளிர்காலம் வந்தால் தம் கணவர் களி வேண்டும் என்கிறார், தேடி அலைந்து மாவு வாங்கியாயிற்று, எத்தனை முறை செய்தாலும் கட்டி கட்டியாகப் போகிறது, கிண்டுவதைப் பார்த்திருக்கிறேன், தண்ணீர் எவ்வளவு வைப்பீர்கள் என்பதைப் பார்க்க விட்டுவிட்டேன், உடனே எழுதவும் என்று.

முதியவர் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். தேதியை மறுபடி பார்த்தார். அன்னையாருக்குத் தமிழில் சொன்னோம். அவர் அந்த முதியவருக்கு நேராகத் திரும்பி, அவர் தமிழ் அறிவாரா மாட்டாரா என்று எண்ணாமல் சொல்லத் தொடங்கினார்.

"ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர், மேலே ஒரு கை. நன்றாகக் கொதி வந்த பிறகு மாவைக் கொட்ட வேண்டும். கொட்டியவுடன் கிண்டக்கூடாது. நடுவிலே துடுப்பைக் குத்தி வைத்து, மூடி, வேகவிட வேண்டும். அவள் அவசரப்பட்டுக் கிண்டியிருப்பாள்."

நாங்கள் ஆங்கிலத்தில் சொல்ல, முதியவர் அதைக் குர்முகியில் எழுதிக் கொடுத்தார். பழைய உறையிலிருந்த முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதில் வரவில்லை. தபால் திரும்பியும் வரவில்லை.